முதுகு நோவை இகழாதீர்



கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் தாய்மார்கள், நாளெல்லாம் குனிந்து காயெடுத்துவிட்டு மாலையில் இல்லம் திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்து, "சாமி, முதுகுல ஜவ்வு தேஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்றாரு, வீட்டுல சோம்பேறிங்கிறாங்க" எனக் கண் கலங்கினார். அவ்வீட்டார் கூறியது நியாயமா என ஆராய்வோம்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டையே மக்கள் ஜவ்வு என்கின்றனர். வளர்ந்தோரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறக்குறைய இல்லை. மேலும் கீழுமுள்ள மெல்லிய தட்டுகளின் வழியே கசியும் ஊட்டமே அதற்கு உயிர். அத்தட்டு பழுதுற்றால் ஊட்டம் செல்லும் முறையே மாறிவிடுவதை, கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2004-இல் ஸ்கேன் ஆய்வின் மூலம் காட்டினர். வட்டின் தேய்மானத்தில் பாரம் சுமப்பதைவிடப் பரம்பரைக்கே பங்கு மிகுதி எனப் பின்லாந்து நாட்டு இரட்டையரிடம் நடந்த ஆய்வுகள் உணர்த்தின.

செல்லுக்குள் நிகழ்வது என்ன? நம் டி.என்.ஏ.யில் புரதம் செய்யக் கட்டளையிடும் பகுதி நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவே. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குப்பை என்றே அறிஞர் பலர் எண்ணினர். ஆனால் அங்கிருந்து பிறக்கும் சில ஆர்.என்.ஏ.க்கள், தாம் புரதமாகாமலேயே, பிற ஜீன்களின் கட்டளைகளை அடக்கியாளுகின்றன. 1993-இல் ஒரு சிறு புழுவில் அத்தகைய நுண் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்குன் இருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர். தேய்ந்த வட்டுகளில் இவற்றுள் சில மிகுந்தும் சில குறைந்தும் காணப்படுகின்றன. இச்சமநிலை குலைகையில் வட்டைக் கட்டும் வேலை தளர்ந்து, அதைக் கரைக்கும் நொதிகள் ஓங்குவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன.

ஆகவே அத்தாயின் நோவு சோம்பலன்று. கண்ணுக்குத் தெரியாத மெய்யான பழுது. எனினும் இவ்வறிவு இன்னும் மருந்தாக மாறவில்லை. ஜவ்வை வளர்த்துத் தருவோம் என்போரை நம்பி நகையை அடகு வைக்காதீர். புகைப்பழக்கத்தை விடுக. கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர் தடைபட்டாலோ, அடக்க முடியாமற் போனாலோ, அன்றே தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைக.

சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில், தளர்ந்த ஆண்டவருக்குச் சீரேனே ஊர் சீமோன் தோள் கொடுத்தார். இன்று மாலை உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைச் சுமக்கப் போவது யார்?