குளக்கரைக் குடியிருப்பு

குழந்தை குட்டிகளோடு அமைதியாக வாழ்வதற்கு ஏற்ற இடம் யாது எனக் காணி தேடுவோர் பலரும் வினவுகின்றனர். பாடசாலை அண்மையில் இருத்தல் வேண்டும். வைத்தியசாலை எட்டும் தூரத்தில் வேண்டும். கோயிலும் சந்தையும் வேண்டும். இவற்றோடு ஒரு நீர்நிலையின் கரையும் வாய்க்குமாயின் அதனினும் பெரும்பேறு வேறில்லை என்பர். கண்டியிலே ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டில் அமைப்பித்த வாவியைச் சுற்றி உலாவி வந்தோர்க்கு இவ்வாசை எழுதல் இயல்பே.

தெல்லிப்பழையில் அத்தகைய வாவி இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஏனைய நலன்கள் இவ்வூருக்கு உண்டு. 1816 ஆம் ஆண்டில் தோன்றிய யூனியன் கல்லூரி உண்டு. ஆதார வைத்தியசாலை உண்டு. துர்க்கையம்மன் கோயிலும் அதன் கேணியும் உண்டு. புகையிரத நிலையமும் உண்டு. வாவிக்கு ஈடாக நமக்கு வாய்த்தவை, குறிச்சிகளிடையே அமைந்த சிறு குளங்களே.

மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் இக்குளங்களைக் கண்டு, இதுவும் ஒரு குளமா எனப் புதிதாக வந்தோர் எள்ளுதல் கூடும். ஆடி மாதத்தில் சிறுவர் பந்தடிக்கும் திடலாகக் கிடப்பதை அவர் வேறு எவ்வாறு மதிப்பர்? ஆயின் அந்நீர் முழுவதும் வெயிலில் மறைந்துவிடவில்லை. ஒரு பகுதி நம் கிணறுகளுக்குச் சென்றிருக்கின்றது.

இதனைச் சிறிது விளக்குவோம். நம் காலடியில் உள்ளது வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் வெள்ளவாய்க்கால் வழியே குளத்தை அடைந்து, கல்லினூடாக இறங்கி, ஆழத்தே உள்ள உப்புநீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் இந்நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடி குறைந்தாலோ, கீழே உவர் 40 அடி ஏற முயலும். கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும், நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பதும் நாம் கண்ணாற் காணத்தக்க சான்றுகளாம்.

முன்னோர் இக்கணக்கை ஏட்டில் எழுதவில்லை, வாழ்க்கையில் கைக்கொண்டனர். துலா மிதித்து, பட்டையால் இறைத்தபொழுது வேண்டிய அளவே நீர் எடுத்தனர். கோடையில் குளத்து வண்டலை வெட்டி வண்டிகளில் ஏற்றித் தோட்டத்துக்கு இட்டனர். பயிருக்கு உரமும் ஆயிற்று, நீர் இறங்க வழியும் ஆயிற்று. கரையிலே மருத மரம் நிழல் தந்தது. ஆவுரோஞ்சிக்கல் மாடுகளுக்கு உதவிற்று. கிடுகு வேலிகளினூடே வெள்ளம் தடையின்றி ஓடிற்று.

1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரே காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வந்தன; இன்னும் மீளாத நிலங்களும் உள. 2015 ஆம் ஆண்டு தைமாதத்தில் காங்கேசன்துறைக்குப் புகையிரதமும் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. மீண்டு வந்தோர் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீடு எழுப்பினர். அவ்வுழைப்பை நாம் போற்றுகின்றோம். ஆயின் வீட்டுக்குச் செலுத்திய கவனத்தில் ஒரு பங்கையேனும் குளத்துக்குச் செலுத்தினோமா?

வேலி இருந்த இடத்தில் மதில் எழுகின்றது, வாய்க்கால் அடைபடுகின்றது. முற்றத்துக்குச் சீமெந்து பூசுகின்றோம். மின்பம்பியோ கேட்குமளவு நீரை இறைக்கின்றது. குளத்திற் கொட்டும் குப்பையின் சாறு எங்கும் போவதில்லை. நம் கிணற்றுக்கே வருகின்றது. இரண்டு பரப்புக் காணியிலே கிணறும் மலகூடக் குழியும் நெருங்கி அமைதலும், தோட்டத்துக்கு அளவின்றி உரமிடுதலும் நீரில் நைத்திரேற்றைப் பெருக்குகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அதனை மிஞ்சிய அளவு காணப்பட்டுள்ளது. கைக்குழந்தைகளுக்கே இதனால் இடர் மிகுதி. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது என்பதைத் தாய்மார் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆதலின் காணி வாங்குவோர் விலையைக் கேட்குமுன், மாரி வெள்ளம் எவ்வழியே வந்து எவ்விடத்தில் நிற்கின்றது எனக் கேட்பாராக. கிணற்று நீரைப் பரிசோதிப்பித்த பின்னரே அடுப்பேற்றுவாராக. குளம் நிரம்பிய நாட்களில் சிறுவரைத் தனியே கரைக்கு விடாதிருத்தலும் பெற்றோர் கடன்.

குளம் எவருக்கும் உறுதி எழுதிய சொத்தன்று. ஆதலாற்றான் எவரும் அதனைத் தம்முடையதாக எண்ணுவதில்லை. பிரதேச சபை செய்யட்டும் எனக் காத்திருத்தல் எளிது. சபை செய்யவேண்டியவற்றை வலியுறுத்திக் கேட்போம். அதேவேளை ஒவ்வொரு குறிச்சியாரும், கோயிலாரும், மாதர் சங்கத்தாரும் ஆண்டுக்கு ஒரு நாளேனும் மண்வெட்டியோடு கூடுவது அரிதன்று. ஐப்பசி மழை எவருக்காகவும் காத்திராது. புரட்டாதி முடியுமுன் வாய்க்காலைத் திறந்து விடுவோமாக.