எதிர்ப்பு சக்தியை ஏத்துதாவளாம்!

மக்களே, காய்ச்சல் காலம் வந்தாப் போதும், "இந்தப் பொடியக் குடிங்க, எதிர்ப்பு சக்தி ஏறும்"னு கிளம்பிருதாங்க. எரிச்சலா வருது.

எலிக்காய்ச்சலையே எடுத்துக்குங்க. நம்ம தாமிரபரணிப் பாசனத்துல பிசான நடவு. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணி. கால் வெடிப்பு வழியா லெப்டோஸ்பைரா கிருமி உள்ள போயிரும். அதோட மேலுறையில லிப்எல்32னு ஒரு லிப்போபுரோட்டீன், அதாவது கொழுப்பு வால் ஒட்டின புரதம். நம்ம வெள்ளையணுக்கள்ல இருக்கற டிஎல்ஆர்2 அந்த வாலைத்தான் மோப்பம் பிடிக்குது. உடனே டிஎன்எஃப், இன்டர்லூக்கின்னு அபாயச் சங்கு ஊதும், காய்ச்சல், அழற்சி. அளவோட இருந்தா அது காவல். மீறிட்டா சிறுநீரகமும் நுரையீரலும் அடிவாங்கும். கிருமி பாதி கெடுத்தா காவல்காரன் மீதியக் கெடுப்பான். இதுல எதை வே 'ஏத்த'ப் போறீரு?

பூட்ஸ் போட்டுக்கிட்டு நாத்து நட முடியாதுதான். கால் புண்ணையாவது மூடலாம். காய்ச்சல் வந்தா "வயல்ல நின்னேன்"னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். ஆரம்பத்துலயே டாக்ஸிசைக்ளினோ பென்சிலினோ கிடைச்சா பெரும்பாலும் பிழைச்சுக்கற நோய் இது. பொடிய நம்பி நாலு நாள் போச்சுன்னா யாரு பொறுப்பு?

மறுக்கறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க. ஆதாரத்தோட! :-)