தரையில் இறந்தோரின் பெயர்கள்
இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்த ஃப்ரெக்கிள்டன் கிராமத்தின் மீது 1944 ஆகஸ்ட் 23 அன்று, கடும் புயல்மழையில் வார்ட்டன் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம் விழுந்ததில், 38 குழந்தைகள் உட்பட 61 பேர் மாண்டனர். சிறுபிள்ளைகளின் வகுப்பறை தீக்கிரையானது. இத்தகைய நிகழ்வுகளை ஆராய்வோர் முதலில் நாடும் படைத்துறை விபத்து அறிக்கை, விமானத்தின் வரிசை எண், விமானியின் அனுபவம், வானிலை, சேதம் ஆகியவற்றைப் பதிவதற்கென வகுக்கப்பட்ட ஆவணமாதலால், தரையில் இறந்தோரைத் தேடுபவர் இறப்புப் பதிவேட்டையும், தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டையும், பெட்டியின் அடியில் பாட்டி பத்திரப்படுத்திய வகுப்புப் புகைப்படத்தையுமே நம்ப வேண்டியிருக்கிறது. குடும்ப நினைவில் தேதி பிறழக்கூடும், ஒரு விபத்து மற்றொன்றோடு கலந்துவிடவும் கூடும். எனினும் அந்த நினைவைப் பதிவேட்டோடு பொறுமையாக ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பேத்தியின் உழைப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது பெரும் அநீதி. போர்க்கால வரலாற்றாய்வின் ஓர் அங்கமாகவே அதைக் கொள்ள வேண்டும்.