விலை கொடுத்தும் இரவல்

‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணி மாற்றத்தால் ஊர் விட்டு ஊர் பெயரும் நம் சங்கத்துக் குடும்பங்கள், வீடு மாறும்போதெல்லாம் எதை எடுத்துச் செல்வது, எதைக் கழிப்பது என்று கலங்குவது வழக்கம். அண்மைக் காலத்தில் முதலில் கழிக்கப்படுபவை, குழந்தைகள் கண்டு மகிழ்ந்த அனிமேஷன் படங்களின் தட்டுகளே. “எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றனவே, இந்தப் பெட்டி எதற்கு?” என்கின்றனர். இவ்வெண்ணம் தக்கதுதானா என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

ஜப்பானிய அனிமேஷன் படங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்த அமெரிக்க நிறுவனம் ஃபனிமேஷன். அது விற்ற டி.வி.டி., புளூ-ரே பெட்டிகள் பலவற்றில் ஒரு குறியீட்டு எண்ணும் இருந்தது. அவ்வெண்ணைப் பதிந்துகொண்டால், அதே படத்தை அந்நிறுவனத்தின் செயலியிலும் காணலாம். ஒரே விலைக்கு இரண்டு படிகள்! பின்னர் அது கிரஞ்சிரோலுடன் இணைந்தது. 2024 ஏப்ரல் 2ஆம் நாளோடு பழைய செயலி மூடப்பட்டது. பதிந்து வைத்திருந்த இணையப் படிகளைப் புதிய இடத்திற்கு மாற்ற இயலாது என்று கூறிவிட்டனர். எண்ணைப் பதிந்துகொண்டு தட்டைக் கழித்தவர் இரண்டையும் இழந்தார். தட்டைக் காத்து வைத்தவர் வீட்டில் படம் இன்றும் ஓடுகின்றது.

இதற்குக் காரணம் யாது? இணையத்தில் ‘வாங்குக’ என்னும் பொத்தானை அழுத்தும்போது நாம் பெறுவது பெரும்பாலும் பொருள் அன்று. பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல், இவ்வாறு உரிமம் மட்டும் விற்போர் அதனை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் என்று சட்டம் வகுத்துள்ளனர். மாதக் கட்டணத்தில் காண்பனவோ இன்னும் நிலையற்றவை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் படம் மறைந்துவிடும். பெரும்புகழ் பெற்ற படமாயின் வேறோர் இடத்தில் தலைகாட்டும். சிலரே விரும்பும் சிறுபடத்திற்கு அவ்வாறு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்வருவோர் அரியர்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு படத்தை நோக்குவோம். யூகோ சாகோ என்னும் ஜப்பானியரும் நம் ராம் மோகனும் பிறரும் கூடி உருவாக்கிய இராமாயண அனிமேஷன் படம் 1992இல் நிறைவுற்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2025 சனவரியில், தமிழ்க் குரலோடும் அது திரையரங்குகளுக்கு வந்தது. இத்துணைக் காலம் கடந்து ஒரு படம் மீள வேண்டுமாயின், அதன் படி எங்கேனும் அழியாது இருத்தல் இன்றியமையாதது அன்றோ?

இணையத்தை நாம் இகழவில்லை. சிறு வீட்டில் இடம் அடைக்காது. விரும்பிய பொழுதில் காட்டும். தட்டுக்கும் குறைகள் உண்டு. டி.வி.டி.யில் நம் நாடு 5ஆம் மண்டலம். அமெரிக்கா 1, ஜப்பான் 2. அங்கிருந்து வரவழைத்த தட்டு நம் கருவியில் ஓடாமற் போகலாம். புளூ-ரேயில் நாம் ‘சி’. அவ்விரு நாடுகளும் ‘ஏ’. வாங்குமுன் உறையைப் பார்த்தல் நன்று. தட்டும் என்றும் வாழ்வதன்று. உள்ளிருக்கும் உலோகப் படலம் காற்றும் ஈரமும் பட்டால் கெடும். ஆதலால் ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடையாமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டுப் பார்த்த படங்கள் எந்த வீட்டிலும் ஐந்தாறுக்கு மேல் இரா. அவற்றிற்குத் தட்டு கிடைக்குமாயின் வாங்கி வையுங்கள். முன்னரே இருப்பின் எறியாதீர்கள். அடுத்த முறை வீடு மாறும்போது அந்தச் சிறு பெட்டிக்கும் வண்டியில் ஓர் இடம் ஒதுக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.