புயலைத் தடுக்க முடியாது, சேற்றுநீரைத் தடுக்கலாம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. சாய்ந்த தென்னைகளை டெல்டா விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு புயலின்போதும் நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பயிரும் அடிபடுகிறது. அது பாக் விரிகுடாவின் கடற்புல்.

கடற்புல் பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள தாவரம். அருகம்புல்லைப் போல மண்ணுக்கடியில் தண்டு ஓடவிட்டுப் பரவும். இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் இதுதான் நாற்றங்கால். ஆவுளியா எனும் கடற்பசுவுக்கு மேய்ச்சல் நிலம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்ததும் இதனால்தான்.

புயல் அலை இந்தப் புல்லைப் பிடுங்கும், மணலால் மூடும். அடித்தண்டு தப்பினால் மீண்டும் துளிர்க்கும். பெரிய ஆபத்து, அலை ஓய்ந்த பிறகு வரும் கலங்கல் நீர். அது வெயிலை மறைத்துவிடும். வெளிச்சம் இல்லாத பயிர் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று, ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடா. 1992-ல் அடுத்தடுத்து இரண்டு வெள்ளமும் ஒரு புயலும் தாக்கியதில், அங்கே சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் கடற்புல் அழிந்தது. கரையோரப் புல்லை அலை பறித்தது. ஆழத்தில் இருந்த புல்லோ ஆற்று வெள்ளத்தின் கலங்கலால் வெளிச்சமின்றி மடிந்தது. மேய்ச்சல் இழந்த கடற்பசுக்கள் பட்டினியால் இறந்தன.

நம் பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை வழியாகவும், அக்னியாறும் அம்புலியாறும் நேராகவும் பாக் விரிகுடாவில்தான் சேர்கின்றன. வயலில் கரையும் மண்ணும், மழையில் அடித்துப்போகும் யூரியாவும் அதே வழியில் கடலுக்குப் போகின்றன. தழைச்சத்து மிகுந்தால் புல்லின் இலைமேல் பாசி படர்ந்து, இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்கும்.

பழி முழுவதும் விவசாயி மீது இல்லை. அடிமண்ணைக் கிளறும் இழுவை வலை, இறால் பண்ணைக் கழிவுநீர், ஊர்ச் சாக்கடை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால், நம் பங்கைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. அதில் நமக்கும் லாபம். காற்றழுத்தத் தாழ்வு எச்சரிக்கை வந்தால் மேலுரம் இடுவதைத் தள்ளிப்போடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். ஐப்பசிக்கு முன்பே வரப்பைப் பலப்படுத்துங்கள். வடிகால் கரையைச் செதுக்கி வெறும் மண்ணாக விடாதீர்கள். வெட்டிவேரோ புல்லோ நின்றால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புயல் கால அறிவுரையில், ‘உரத்தையும் மண்ணையும் வயலிலேயே நிறுத்துங்கள்’ என்ற வரியையும் சேருங்கள். வயலுக்குச் சொல்லும் அந்த அறிவுரை, கடலை நம்பி வாழும் பக்கத்து ஊர் மீனவருக்கும் உதவும்.