பொதுக் காவலரும் பொது மருத்துவமும்

நம் இரத்தத்திலே ஓயாது சுற்றிவரும் காவற்படை ஒன்று உண்டு. ‘டி அணுக்கள்’ என்று மருத்துவ அறிஞர்கள் அதனை அழைக்கின்றனர். கிருமி புகுந்த அணுவைக் கண்டுபிடித்து ஒழிப்பது அப்படையின் முக்கியமான வேலை. பெரும்பாலான டி அணுக்கள், கிருமியின் புரதத் துணுக்கை ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளைப் பார்த்தே பகையை அறிகின்றன. அந்த மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைக்குமுன் பொருத்தம் பார்ப்பது அதனால்தான்.

அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாத பிரிவுகளும் உண்டு, தோழர்களே! அவற்றுள் ஒன்று ‘மெய்ட்’ அணுக்கள். ‘எம்.ஆர்.1’ என்ற மூலக்கூறு காட்டுவதையே அவை பார்க்கின்றன. அது மனிதருக்கு மனிதர் ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாட்டிடமும் எலியிடமும்கூடச் சிறு மாற்றங்களோடு அதுவே இருக்கிறது. முயல் போன்ற சில இனங்கள் மட்டுமே அதை இழந்துவிட்டன.

அது காட்டுவது எதை? 2012-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டனர். பி2 வைட்டமினைக் கிருமிகள் தயாரிக்கும்போது உண்டாகும் பொருளே அது! எந்தப் பாலூட்டியின் உடலும் அந்த வைட்டமினைத் தானே தயாரிப்பதில்லை. ஆகவே, அடுப்பில்லாத வீட்டில் புகை கண்டால் அந்நியன் புகுந்துவிட்டான் என்றுதானே பொருள்? காசநோய்க் கிருமி புகுந்த அணுவையும் இக்காவலர் கண்டுகொள்கின்றனர் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

நெருக்கடியான குடியிருப்பில் வாழ்ந்து, கல்தூசியிலே உழைப்பவனை அதிகமாகத் தேடிவரும் நோய் காசநோய். ஆகவே இது ஆய்வுக்கூடத்துச் செய்தி மட்டுமல்ல. உழைப்பவன் வீட்டுச் செய்தி. எல்லோரிடமும் ஒன்றாக இருக்கும் மூலக்கூற்றின் வழியே மருந்து கிடைக்குமானால், ஆளுக்கு ஆள் பொருத்தம் தேடவேண்டிய தொல்லை குறையும். மருந்து வந்துவிட்டதா என்றால், இல்லை. வந்துவிட்டதென்று விற்க வருபவனை நம்பவேண்டாம்.

வழி என்ன? ஆய்வுக்கூடத்து எலியிடம் மெய்ட் அணுக்கள் மிகக் குறைவு, மனிதரிடமோ ஏராளம். ‘காமா-டெல்டா’ என்ற மற்றொரு பிரிவு மனித இரத்தத்தின் டி அணுக்களில் நூற்றுக்குச் சிலவே. இளங்கன்றிடமோ பாதிக்கு மேலும் இருக்கலாம். எலி ஒன்றையே பார்த்தால் முழுக்கதை தெரியுமா? 1921-இல் முதன்முதல் மனிதருக்குக் கொடுக்கப்பட்ட பி.சி.ஜி. தடுப்பு மருந்தே, மாட்டின் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உண்டாக்கியதல்லவா?

ஆகவே நாம் கேட்கிறோம்: கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு மூலையிலும் மனித மருத்துவக் கல்லூரி மறு மூலையிலும் தனித்தனியே இருப்பது ஏன்? பொதுப்பணம் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரட்டும். தொழுவத்திலும் மருத்துவமனையிலும் ஒருங்கே தேடட்டும். காவலர் பொது, பகைவனும் பொது. மருத்துவம் மட்டும் பிரிந்து நிற்கலாமா?