மீனைத் தொடும் பனிக்கட்டியும் உணவே

மும்பை சஸூன் துறையில் விடியற்காலையில் இறங்கும் கடல் மீனும், வெளி மாநிலக் குளங்களில் வளர்ந்து லாரியில் வரும் ரோகு, கட்லா முதலியனவும், தாராவி கோளிவாடாவையோ செம்பூர்ச் சந்தையையோ அடைவதற்குள் பல கைகளைக் கடக்கின்றன. வழி நெடுகிலும் அவற்றுடன் இருப்பது பனிக்கட்டி. மீன் புதியதா என்று செவுளைத் தூக்கிப் பார்க்கும் நாம், பனிக்கட்டி எந்த நீரால் ஆனது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் குளிர் அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறதே அன்றி, அவற்றை முற்றும் அழிப்பதில்லை. அசுத்த நீரிலுள்ள ஈ.கோலை, சால்மொனெல்லா ஆகியவை பனிக்கட்டியிலும் பிழைத்திருந்து, அது உருகும்போது மீனைச் சேர்கின்றன. லிஸ்டீரியாவோ 0 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய குளிரிலும் மெல்லப் பெருகவல்லது. சால்மொனெல்லா மீனுக்கு இயல்பானதன்று. குளத்தில் கலக்கும் கழிவாலும், அசுத்தமான கை, நீர், பனிக்கட்டி ஆகியவற்றாலும் வந்து சேர்வதாகும்.

"நன்கு வேகவைத்துத்தானே உண்கிறோம்?" என்று சிலர் வினவலாம். வேகவைத்தால் இக்கிருமிகள் மடியும் என்பது மெய்யே. ஆனால் மீனிலிருந்து வடியும் நீர் அரிவாள்மணையிலும் கையிலும் பட்டு, வேகவைக்காத காய்கனிகளையும் அடைகிறது. பனிக்கட்டியைக் குறைப்பதும் தீர்வாகாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிரின்றிக் கிடந்தால் கிருமிகள் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சை உண்டாக்கும். அது சமைத்தாலும் அழியாது. ஆகவே பனிக்கட்டி மிகுதியாகவும் வேண்டும், தூயதாகவும் வேண்டும்.

இது இயலாத காரியமன்று. 1997-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம், பதனிடும் ஆலைகளின் சுகாதாரக் குறைகளை எடுத்துக்காட்டி, இந்திய மீன்பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அதன்பின் ஏற்றுமதி ஆலைகள் குடிநீர்த் தரமுள்ள நீரையும் பனிக்கட்டியையும் பயன்படுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை செய்யும் முறையை மேற்கொண்டன. அயல்நாட்டார் உண்ணும் இறாலுக்குக் கிடைக்கும் இக்கவனம், நம் தெருவில் விற்கும் மீனுக்கு ஏன் கிடைக்கலாகாது?

உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் ஊட்ட வேண்டுமென 2018-இல் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் ஆணையிட்டது. நல்ல ஆணையே, எனினும் வெண்மை தூய்மைக்குச் சான்றாகாது. கூடை சுமக்கும் கோளிப் பெண்மணி அருகில் கிடைப்பதையே வாங்குவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஒவ்வொரு மீன் சந்தையின் அருகிலும், சோதிக்கப்பட்ட பனிக்கட்டி மலிவாகக் கிடைக்கச் செய்வது பொது நிர்வாகத்தின் கடமையாகும்.

களப் பணியாளரும் ஆசிரியரும் இதற்குத் துணைபுரியலாம். குவாலியர் விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு காகிதச் சோதனை எளியது. பனிக்கட்டியை உருக்கி, அந்நீரைச் சோதனைப் புட்டியில் ஊற்றி, ஓரிரு நாள் சாதாரண உஷ்ணநிலையில் வைத்தால் போதும். நீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுற்று, ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். கறுக்காவிடினும் முழு உறுதி கொள்ளலாகாது. கரிய புட்டியைக் கண்ணால் கண்ட மாணவன், வீட்டாருக்கும் விற்பவருக்கும் அதை எடுத்துரைப்பான். சந்தையில் அக்கேள்வி எழத் தொடங்கினால், ஆணைகளும் உயிர் பெறும்.